அண்ணையின் தாடைக்கு வந்த இரண்டு தகடுகள்

அண்ணையின் கீழ்த்தாடை எலும்பை நான் முதலில் பார்த்தது என் வேலைமேசையில் வைத்துத்தான். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கானை டொக்டர் ஒரு சீடியில் பதிந்து தந்திருந்தார். அதைக் கணினியில் திறந்தபோது, தோலும் சதையும் நீங்கிய எலும்பு சாம்பல் நிறத்தில் லாடம்போல வளைந்து திரையில் நின்றது. இடப்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. வலப்பக்கம், கடைவாய்ப் பற்களுக்குக் கீழே, கறையான் தின்ற பலகைபோல அரித்துக் கிடந்தது. அதன்மேல் வெளியே பிதுங்கிய ஒரு புடைப்பு. பக்கத்து மேசையிலிருந்தவர் எட்டிப் பார்த்து, "புது வேலையோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். திரையை மெல்ல மறுபக்கம் திருப்பினேன்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. உலோகத் தூளை மெல்லிய படையாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அதன்மேல் அடுத்த படை, அதற்குமேல் இன்னொன்று என்று அடுக்கி அடுக்கியே ஒரு பொருளைச் செய்துவிடும் இயந்திரங்கள் வெளிநாடுகளில் ஓடுகின்றன. அப்படிச் செய்த பாகங்களை அங்கேயே ஸ்கானரால் அளந்து, எண்ண முடியாத புள்ளிகளாக இணையத்தில் எங்களுக்கு அனுப்புவார்கள். வரைபடத்தில் இருக்கும் வடிவமும் செய்து முடித்த வடிவமும் ஒன்றுதானா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தினால் கணினி நிறம் பூசிக் காட்டும். ஒத்துப்போன இடம் பச்சை. வெளியே தள்ளிய இடம் சிவப்பு. உள்ளே ஒடுங்கிய இடம் நீலம். நாள் முழுவதும் இந்த நிறங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளூர் வேலைகளுக்காகக் கையில் பிடித்து அளக்கிற சின்ன ஸ்கானர் ஒன்றும் அலுவலகத்தில் உண்டு.

எங்கள் வீடு தொண்டைமானாற்றில். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அண்ணை, அவர் மனைவியான மச்சாள், நான் என்று மூன்று பேர்தான். அண்ணைக்குக் கடற்றொழில். கடலில் நித்திரை தூங்கி விழாமலிருக்க வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்து வலப்பக்கக் கன்னத்துக் கொடுப்பில் அடக்கிவைத்திருப்பார். அந்த இடத்தில் வந்த புண்ணை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. சோற்றுக் கவளத்துக்கு வாய் திறக்க முடியாமல் போன அன்றுதான் மச்சாள் வாய்க்குள் ரோச்லைற் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முற்றத்தில் போய் நின்றார். அவர் தோள்கள் குலுங்கியதை நான் குசினி யன்னலால் கண்டேன்.

டொக்டர் எங்களை இருத்தி வைத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். புற்றுநோய் எலும்புவரை இறங்கிவிட்டது. அரித்த எலும்பை, இருபக்கமும் கொஞ்சம் நல்ல எலும்பையும் சேர்த்து, வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்துக்குக் குறுக்கே டைட்டேனியத் தகடு ஒன்றைப் பாலம்போல வைத்து, அதன் இரண்டு முனைகளையும் மிஞ்சிய எலும்பில் திருகாணியால் பூட்ட வேண்டும். ஆயத்தமாக விற்கிற தகட்டைக் கையால் வளைத்தும் போடலாம். ஆனால் திருப்பித் திருப்பி வளைத்த தகடு பிறகொரு நாள் உடைவதுண்டு. அதைவிட, அண்ணையின் நல்ல இடப்பக்கத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டி, அந்த வடிவத்திலேயே உலோகத்தை அச்சிட்டு எடுப்பது நல்லது. வாய் முன்போல நேராகச் சேரும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று செய்து அனுப்பும்.

"பிள்ளை, உங்கடை வேலையும் இதுதானே," என்றார் என்னைப் பார்த்து. "டைட்டேனியப் பிளேற் வந்தவுடனை ஒருக்கா வடிவாப் பாத்துத் தாங்கோ. எனக்கும் ஒரு நிம்மதி."

பஸ்ஸில் வரும்போது அண்ணை என் காதருகே குனிந்து, பாதி திறந்த வாயால், "இவ்வளவு நாளும் நீ என்ன வேலை செய்யிறாய் எண்டு ஊருக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தன். இனிச் சொல்லலாம்," என்றார். அவருக்கு அப்போது பயமில்லை. இருந்திருந்தாலும் எங்களுக்குக் காட்டவில்லை.

தகடு வந்ததும் டொக்டர் அதை என்னிடம் அனுப்பினார். கையில் எடுத்தபோது நான் நினைத்ததைவிடப் பாரம் குறைவு. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அதை எடுத்து மேசையில் வைத்தேன். பளபளக்கிற உலோகத்தை ஸ்கானர் சரியாகப் பார்க்காது. அதனால் சிறிது நேரத்தில் தானாகவே ஆவியாகிப் போகிற வெள்ளைத் தூள் ஒன்றை மேலே தெளிப்போம். தூள் படிந்த அந்தச் சின்ன வளைவைச் சுற்றிச் சுற்றி அளந்தேன். அதோடு நிறுவனம் அனுப்பிய அறிக்கையும் வந்திருந்தது. அதில் தகடு முழுவதும் பச்சை.

ஆனால் பச்சை எப்படி வந்ததென்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். இரண்டு வடிவங்களை எப்படியும் பொருத்து என்று கணினியிடம் விட்டுவிட்டால், அது பிழையை எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிடும். எங்கேயும் அதிகமாகத் தெரியாது. உடம்பு அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளாது. அண்ணையின் தாடையில் முதலில் பூட்டப்படுவது முகவாயில், நாடிப்பக்கத்துத் திருகாணிகள். ஆகவே அந்த ஓட்டைகளை வரைபடத்தோடு இறுக்கிப் பொருத்திவிட்டு, மற்ற முனை எங்கே போகிறதென்று பார்த்தேன். காதுப்பக்கத்து முனை சிவப்பாக வெளியே விலகி நின்றது. ஓர் அரிசிமணியின் தடிப்பு.

ஸ்கானரில் பிழை என்று நினைத்தேன். அப்படி இருக்க வேண்டுமென்று நினைத்தேன். அதைத் திருப்பிச் சரிபார்த்தேன். தூளைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தெளித்தேன். தகட்டை வேறு பக்கமாக வைத்து அளந்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு அதே இடத்தில் வந்து நின்றது. உருகி இறுகும்போது உலோகத்துக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடும். சூட்டில் வைத்து அதைத் தணிக்காமல் இயந்திரத்தின் அடித்தட்டிலிருந்து அறுத்தெடுத்தால், தகடு தன் பாட்டில் விரிந்துகொள்ளும். இயந்திரப் பாகங்களில் இதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். கண்டதை எழுதி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறேன்.

கணினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டொக்டர் சிவப்பு முனையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இழுத்துப் பூட்டினால்?" என்று நான்தான் கேட்டேன்.

"பூட்டலாம். பிறகு ஒவ்வொரு தரமும் வாய் அசையேக்கை அது எலும்பை இழுத்துக்கொண்டிருக்கும். ஆணி கழரும். பல்லும் சேராது. இந்தப் பிளேற்றைக் கையாலை வளைக்கவும் ஏலாது, வெடிச்சுப்போம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதிசா அடிச்சுக் கெதியா அனுப்புறம் எண்டு கொம்பனிக்காரர் சொல்லுவினம். கொஞ்சம் பொறுக்கலாம் எண்டுதான் நினைக்கிறன். இல்லாட்டி கையாலை வளைச்சதைப் போடவேணும். வீட்டிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

வீட்டில் நான் சொல்லி முடிக்குமுன்பே மச்சாள் என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனார்.

"ஒரு அரிசிமணி தானே," என்றார்.

"மச்சாள், அது—"

"ஒரு அரிசிமணி. மனிசன்ரை முகம் என்ன மிசினோ? சதை இருக்கு, தோல் இருக்கு, அது இழுத்துப் பிடிக்கும். நீ சரி எண்டு சொல்லிவிடன். உன்னைத்தானே டொக்டர் கேட்டவர். நீ சரி எண்டால் நாளைக்கே வெட்டுவினம்."

"அவரும் பாத்திட்டார் மச்சாள்."

"நீ காட்டினதாலை பாத்தவர்." அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்திருந்தன. "உன்ரை அண்ணை இராவிலை எப்பிடிப் படுக்கிறார் எண்டு உனக்குத் தெரியாது. உன்ரை காலிலை விழுறன். பொறு எண்டு மட்டும் சொல்லாதை."

அவர் உண்மையாகவே குனிந்தார். நான் பிடித்து நிமிர்த்தினேன். அண்ணை வாசலில் வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று என்னைக் கேட்டார்.

"பொறுக்கலாமோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. அது டொக்டருக்குத்தான் தெரியும். வடிவம் பிழை. அது மட்டும் எனக்குத் தெரியும்."

"அப்ப உதுவும் வேண்டாம், கையாலை வளைச்சதும் வேண்டாம்," என்றார் அண்ணை. "நல்லது வரட்டும்."

மச்சாள் அன்று சமைக்கவில்லை. நான் சமைத்ததை ஒருவரும் சாப்பிடவுமில்லை.

கெதியாக வரும் என்று சொன்னது வாரக்கணக்காக வரவில்லை. இயந்திரம் வேறு வேலையில் இருக்கிறது என்றார்கள். பிறகு, சூட்டில் வைக்க வேண்டும் என்றார்கள். டொக்டரைக் கொண்டு அதைக் கேட்க வைத்ததே நான்தான். பிறகு விமானத்தில் ஏற்றிவிட்டோம் என்றார்கள். பிறகு அது கொழும்பில் சுங்கத்தில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அலுவலகப் படிக்கட்டில் நின்று தொலைபேசியில் ஆரையோ கெஞ்சினேன். இங்கிலீசில் கெஞ்சினேன், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். ஒரு தடவை மறுமுனையில் பேசிய பெண், "நோயாளி உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாள். நான் சொன்னதும் அவள் குரல் இளகியது. ஆனால் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மச்சாள் சன்னிதி முருகன் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். விடியப் போய் வெயில் ஏறத்தான் வருவார். வந்ததும் அண்ணையின் நெற்றியில் திருநீறு பூசுவார். என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

நான் அண்ணையின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. வலக்கன்னம் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். வெளிச்சத்தில் அவர் இருக்கும்போது, அந்தக் கன்னத்தில் எந்த நிறம் வரும் என்று என் மனம் தானாகவே கணக்குப் போட்டது. அந்த நினைப்பை வெட்கப்பட்டு விரட்டினேன். மறுபடியும் வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் கேட்டு ஸ்கானரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"என்னையும் பாஸ் பண்ணப் போறியோ?" என்றார் அண்ணை. அவர் பேசுவது அப்போது எனக்கும் மச்சாளுக்கும் மட்டும்தான் விளங்கும். கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸ்கானரின் வெளிச்சம் அவர் முகத்தில் கோடு கோடாக ஓடியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு விடலாம் என்று சொன்னபிறகும் மெல்லத்தான் விட்டார்.

டொக்டர் தந்த பழைய ஸ்கானில் அவருடைய தோலின் வடிவமும் இருந்தது. அதன்மேல் இந்தப் புது முகத்தை வைத்தேன். கணினியிடம் விடவில்லை. நெற்றியையும் மூக்கு எலும்பையும் பிடித்துப் பொருத்தினேன். அவை மாறாதவை. பிறகு நிறத்தைப் போடச் சொன்னேன்.

நெற்றி பச்சை. இடக்கன்னம் நீலம், அவர் அவ்வளவு மெலிந்திருந்தார். வலக்கன்னத்திலிருந்து நாடியின் நடுவரைக்கும் ஒரே சிவப்பு.

"என்ன நிறம்?" என்று கேட்டார் அண்ணை, கண்ணைத் திறக்காமல்.

மச்சாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்பு சொல்லி, அவருக்கும் நிறங்களின் அர்த்தம் தெரியும்.

"சிவப்பு," என்றார் மச்சாள். பல நாளுக்குப் பிறகு என் பக்கத்தில் நின்று அவர் சொன்ன முதல் சொல் அது.

திங்கட்கிழமை காலையிலேயே மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் நின்றோம். டொக்டர் கணினியைப் பார்த்தார், பிறகு கையுறை போட்டு அண்ணையின் நாடியைத் தடவிப் பார்த்தார். "வெளிவீக்கமாயும் இருக்கலாம். உள்ளுக்கு ஸ்கான் பண்ணித்தான் சொல்லலாம்," என்றார். அன்றைக்கே ஸ்கான் எடுக்க ஏற்பாடு செய்தார். எடுத்த படம் வந்ததும் அவர் எங்களை உடனே கூப்பிடவில்லை. கதவுக்குள்ளே அவர் இன்னொரு டொக்டரோடு தணிந்த குரலில் கதைப்பது கேட்டது. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

நோய் எலும்புக்குள்ளே நாடியைத் தாண்டிப் போயிருந்தது. முதலில் வெட்டுவதாகக் குறித்திருந்த கோட்டுக்கு அப்பால்.

அந்தக் கிழமைக்குள்ளேதான் இரண்டாவது தகடு வந்து சேர்ந்தது. டொக்டர் அதை என்னிடம் அனுப்பவில்லை. நானாகப் போய் வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. தூள் தெளித்தேன், அளந்தேன், நாடிப்பக்கத்து ஓட்டைகளைப் பிடித்துப் பொருத்தினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பச்சை. என் வேலையில் இவ்வளவு சுத்தமான பாகம் ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் அது பழைய ஸ்கானில் இருந்த அண்ணைக்குச் செய்த தகடு. அந்த ஓட்டைகள் வந்து இருக்க வேண்டிய எலும்பை இப்போது வெட்டி எறியப் போகிறார்கள். மேசையில் தலையை வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் வேலையைப் பார்த்தார்.

இனிப் பொறுப்பதில்லை, கையால் வளைத்த தகடுதான் என்று டொக்டர் முடிவெடுத்தார். வளைப்பதற்கு அண்ணையின் தாடை வடிவில் ஓர் அச்சு வேண்டும். புது ஸ்கானை வைத்து, புடைப்பை நீக்கி, இடப்பக்கத்தைப் புரட்டி, எங்கள் அலுவலகத்துப் பிளாஸ்டிக் அச்சு இயந்திரத்தில் நான் அதைச் செய்தேன். டொக்டர் தடித்த இடுக்கிகளால் தகட்டை அந்தப் பிளாஸ்டிக் தாடைமேல் வைத்து வைத்து வளைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நெற்றியில் வியர்வை வடிய வளைத்தார். இரண்டு இடத்தில் இடைவெளி தெரிந்தது. "இதுக்கு மேலை வளைச்சால் முறியும்," என்றார். நான் தலையாட்டினேன். அளந்து பார்க்கவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவரிடம் கேட்டேன். "முதல் பிளேற்றைப் போட்டிருந்தால், டொக்டர்?"

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "போட்டிருந்தால் அது ஒரு நாள் கழண்டிருக்கும். ஆனா வருத்தம் பிடிச்ச எலும்பை அப்பவே வெட்டியிருப்பம்," என்றார். "ரெண்டும் உண்மை, பிள்ளை. எனக்கும் நித்திரை இல்லை."

சத்திரசிகிச்சை முடிந்து அண்ணையை வெளியே கொண்டுவந்தபோது மச்சாள் அவரை அடையாளம் காணாமல் அடுத்த தள்ளுவண்டியை எட்டிப் பார்த்தார். நான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். அண்ணையின் முகத்தின் கீழ்ப்பாதி கட்டுக்குள் இருந்தது. கண் திறந்திருந்தது. எங்களைக் கண்டதும் கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார்.

பிறகு கதிர்ச்சிகிச்சை நடந்தது. மூக்கால் போட்டிருந்த குழாயைக் கழற்றினார்கள். அண்ணை வீட்டுக்கு வந்தார். நாடி எலும்பு போன முகம், தகடு தாங்கியும், கழுத்தோடு சரிந்து போயிருந்தது. சொற்கள் உருவம் இல்லாமல், வெறும் காற்றும் ஒலியுமாக வந்தன. முதலில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் விளங்கியதுபோலத் தலையாட்டினோம். ஒரு நாள் அவர் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு வேண்டியதைக் கையால் காட்டுகிறார். வேண்டாததையும்.

மச்சாள் இப்போது என்னோடு கதைக்கிறார். மருந்து, பஸ், தண்ணி கொதிக்க வைத்தாயா, இவ்வளவும்தான். ஒரு நாள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது நிமிராமல் சொன்னார்: "நீ பிழை செய்தாய் எண்டு நான் சொல்லேல்லை. நீ சரியாச் செய்ததைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் கிடக்கு." நான் அலசின துணியை வாங்கிக் கொடியில் போட்டேன்.

உடம்புக்குள் வைக்கிற பாகங்கள் எனக்கு வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சம்மதித்தார். இயந்திரப் பாகங்களை மட்டும் பார்க்கிறேன். ஆனாலும் பிழை கண்டு திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு தடவையும், மறுமுனையில் ஆரோ அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அனுப்பும் பொத்தானை அழுத்த நெடுநேரம் எடுக்கிறது. அழுத்தத்தான் வேண்டியிருக்கிறது.

போன கிழமை அண்ணையின் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவரே என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். சின்னதுதான். உருண்டால் நல்லது என்று எங்கேயோ கேட்ட நினைவில் அழுத்திப் பார்த்தேன். அது உருளவில்லை. டொக்டர் வியாழக்கிழமை ஸ்கானுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

சாப்பிடும்போது வாயின் ஓரத்தால் கஞ்சி வடியும் என்பதால் அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்துதான் சாப்பிடுகிறார். மச்சாளும் துணியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில், அதே சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். நேற்று நான் என் சாப்பாட்டுக் கோப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றேன். அவர்கள் இரண்டு பேரின் முதுகும் தெரிந்தது. எங்கே போய் இருப்பதென்று தெரியாமல், நின்றபடியே சாப்பிட்டேன்.